நான் போடாத டைட்டில் கார்டு

படத் தயாரிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

வெளிப்புறப் படப்பிடிப்பை எப்படித் திட்டமிடுவது, நாலு நடிகர்களின் தேதிகளை எப்படி ஒன்றாகக் கோப்பது என்றெல்லாம் கேட்டு எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் வேண்டாம். ஒரு யூனிட்டோடு ஆறு மாதம் அலைந்தால் தானாக வந்துவிடும். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இனிமேல் வாயைத் திறந்தால் வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாததைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் சொந்தமாக எடுத்த முதல் படத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்றை எடுக்க எனக்குச் சில நிமிடங்கள்தான் கிடைத்தன. இன்னொன்றுக்கு ஒரு வாரம் கிடைத்தது. ஆற அமர யோசித்து எடுத்த அந்த இரண்டாவது முடிவைத்தான் ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தென்காசி. அப்பாவுக்கு ரதவீதியில் ஜவுளிக்கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் மதராஸுக்குப் போய், ஒரு கம்பெனியில் தயாரிப்பு நிர்வாகியாக ஏழெட்டு வருஷம் ஓடினேன். ஐம்பதுகளின் நடுவில் எனக்கென்று ஒரு படம் அமைந்தபோது, யாரையும் கேட்காமல் முடிவு செய்தேன்: குற்றாலத்தில் எடுக்க வேண்டும். அப்போதெல்லாம் அருவி வேண்டுமென்றால் ஸ்டூடியோவுக்குள் பாறை கட்டிக் குழாயில் தண்ணீர் விடுவார்கள். நான் எங்கள் ஊர்த் தண்ணீரைத்தான் காட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றேன்.

கதாநாயகி ஆந்திரப் பக்கத்துப் பெண். நன்றாக ஆடுவாள், கண்ணாலேயே பேசுவாள். தமிழ் மட்டும் ஒரு வார்த்தை வராது. வாயசைவு சரியாக இல்லாவிட்டால் பிற்பாடு யார் குரல் கொடுத்தாலும் ஒட்டாது. வசனத்தைச் சொல்லிக்கொடுக்க ஊரிலேயே ஒருவர் வேண்டுமென்று, தென்காசியில் எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"ரோஸ்லின் டீச்சரக் கேட்டுப் பாரும். பாவூர்சத்திரத்துல இருந்து பஸ்ல வந்து இங்கன பெண்கள் ஸ்கூல்ல பாடம் நடத்துதாவ. அவிய வாசிச்சா கடைசி பெஞ்சுப் பிள்ளையும் தூங்காது" என்றார்.

அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. மே மாதக் கடைசியிலேயே மேகம் மலையை மூடிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. டீச்சர் சரி என்று சொல்லி, ஒரு கறுப்புக் குடையோடு நாங்கள் தங்கியிருந்த பங்களாவுக்கு வந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கலாம். என் பழைய வேலையைக் கேள்விப்பட்டு என்னை மேனேஜர் என்றே கூப்பிட்டார்கள். வந்து உட்கார்ந்ததும் வசனத்தாளை வாங்கி முதல் பக்கத்தை வாசித்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு போகும் கிராமத்துப் பெண், தன்னைக் கேலி செய்யும் காதலனிடம், 'அன்பரே, என் உள்ளம் நோகும்படி ஏன் உரைக்கிறீர்?' என்று கேட்கிறாள்.

"இது யாரு பேசுதது? கொடம் எடுத்துட்டுப் போற பிள்ளையா, ராணியா?"

எங்கள் வசனகர்த்தாவுக்கு முகம் சுருங்கியது. "சினிமாவுக்கு இப்படித்தான் எழுதணும் டீச்சர்."

"அப்போ கொடத்த வாங்கிட்டுக் கிரீடத்தக் குடுங்க. பொருத்தமா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். வசனகர்த்தா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் அவரே தாளை நீட்டி, "நீங்க எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார். டீச்சர் தாளைப் பார்க்காமலேயே சொன்னார்கள்: "இப்படி மனசு நோவப் பேசினா நான் எங்க போவேன்?" அவ்வளவுதான். அந்த வரி படத்தில் அப்படியே இருக்கிறது.

என்னிடம் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. கொழும்பிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வியாபாரியிடமிருந்து வாங்கியது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். டீச்சர் வசனத்தை வாசித்துப் பதிவு செய்துவிட்டால், கதாநாயகி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாயசைத்துப் பழகலாம் என்பது என் யோசனை. குற்றாலத்தில் எந்த அறைக்குள் போனாலும் அருவி இரைச்சல் கூடவே வரும். ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, கதவிடுக்கில் துணியைத் திணித்து, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பதிவு செய்தோம்.

முதல் முறை திரும்பப் போட்டபோது டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்கள்.

"இது நானா?"

"நீங்கதான் டீச்சர்."

"ஆம்பிள மாதிரில்லா இருக்கு. தினமும் இதையா பிள்ளையள் கேக்குதுவ? பாவம்."

ஆண் குரல் மாதிரி இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் நிதானமான குரல். வாக்கியம் முடியும் இடத்தில் கொஞ்சம் தணிந்து, கேட்பவனைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லும். அன்று எல்லாரும் போன பிறகு அந்த டேப்பை நான் தனியாக இன்னும் இரண்டு முறை போட்டுக் கேட்டேன். மெஷினைச் சோதிக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இப்போது முதல் முடிவுக்கு வருகிறேன்.

ஐந்தருவிக்குக் கீழே, ஓடைக்கு நடுவில் ஒரு அகலமான பாறை. அதன் மேல் கேமரா, டிராலி தண்டவாளம், ரிஃப்ளெக்டர்கள். கணுக்கால் தண்ணீரில் கதாநாயகியும் எட்டு நடனப் பெண்களும். மூன்று நாளாக வெயிலே வரவில்லை. எல்லாரும் பங்களாவில் சும்மா உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தோம். நாலாம் நாள் காலையில் மேகம் விலகி வெயில் அடித்தது. டைரக்டர் பைத்தியம் பிடித்தவர் மாதிரி வேலை செய்தார். ஐந்து ஷாட் முடிந்துவிட்டது. பாட்டின் கடைசி ஷாட் ஒன்றுதான் பாக்கி.

நான் கரையோரம் நின்றிருந்தேன். தண்ணீரில் இரண்டு காய்ந்த இலை போனது. பிறகு ஒரு கொத்துச் சருகு. பாறை விளிம்பில் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. நான் அந்த ஊரில் பிறந்தவன். மலைக்கு மேலே மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நின்றேன். ஒரே ஒரு ஷாட்தானே என்று மனசு சொன்னது.

கரையில் வசனத்தாளோடு உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து என்னிடம் வந்தார்கள்.

"மேனேஜர், தண்ணி நெறம் மாறுது. பாத்தியளா?"

"ஆமா டீச்சர். ஒரு ஷாட்டுதான்..."

"பாத்தியளா இல்லியா?"

தண்ணீருக்குள் இறங்கி, "எல்லாரும் மேல ஏறுங்க! எதையும் எடுக்காதீங்க! ஏறுங்க!" என்று கத்தினேன். டைரக்டர் திரும்பி என்னை ஏசினார். அத்தனை பேர் முன்னால், என் முதல் படத்தில், 'நீ தயாரிப்பாளரா, துணி வியாபாரியா' என்று கேட்டார். வெயில் பளீரென்று அடிக்கிறது. ஓடை சாதுவாகத்தான் ஓடுகிறது. அந்த நிமிடத்தில் நான் முட்டாளாகத்தான் தெரிந்திருப்பேன். கேமராமேன் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். கேமராவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அவர் நடந்ததும் மற்றவர்கள் நடந்தார்கள். டைரக்டரை நானும் ஒரு லைட்மேனுமாகக் கையைப் பிடித்து இழுத்து வந்தோம்.

கடைசிப் பெண் கரையேறிச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. லாரி வருகிறதோ என்று சிலர் ரோட்டைப் பார்த்தார்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து அந்தப் பாறையை மூடியது. டிராலி, தண்டவாளம், ரிஃப்ளெக்டர், நாற்காலிகள் எல்லாம் போயிற்று. ஒரு உயிரும் போகவில்லை. டைரக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து எழுந்து வந்து, என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அது எப்படித் துடித்தது என்று இன்னும் என் கைக்குத் தெரியும்.

அந்தக் கடைசி ஷாட்டை நாங்கள் எடுக்கவே இல்லை. அது இல்லாமலே பாட்டு ஓடியது.

எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். மெய்யாக முடிவு எடுத்தது நான் இல்லை என்பதை உங்களுக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். 'பார்த்தாயா இல்லையா' என்று கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தார். உங்கள் யூனிட்டில் அப்படிக் கேட்கும் ஆள் யாரென்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அவர் சம்பளப் பட்டியலில் கடைசியில்தான் இருப்பார்.

படப்பிடிப்பு முடிந்து மதராஸ் போனோம். கதாநாயகிக்குக் குரல் கொடுக்க நாலைந்து பேரை அழைத்துப் பார்த்தோம். எல்லாருமே தேர்ந்தவர்கள்தான். ஒன்றும் ஒட்டவில்லை. ஒருநாள் எடிட்டிங் அறையில், எந்த வரி எங்கே வருகிறது என்று பார்ப்பதற்காகக் குற்றாலத்து டேப்பை ஓடவிட்டோம். டைரக்டர் தலை நிமிர்ந்து, "இதுதான்யா அவ குரல். இவ்வளவு நாளா எங்க தேடிட்டு இருந்தோம்?" என்றார்.

காலாண்டு விடுமுறையில் டீச்சர் மதராஸ் வந்தார்கள். துணைக்கு அம்மாவும் வந்தார்கள். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி விற்று மகளைப் படிக்க வைத்தவர்கள். ஒலிப்பதிவுக் கூடத்தின் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, திரையில் யாரோ ஒரு பெண் வாயைத் திறக்க, தன் மகள் குரல் வருவதைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கடைசி நாள் நான் இருவரிடமும் சொன்னேன்.

"டைட்டில்ல 'குரல்: ரோஸ்லின்'னு தனி கார்டு போடுதேன். இதுவரைக்கும் யாரும் இப்படிப் போட்டதா நான் பாக்கல. நம்ம படத்துல வரும்."

"எம்புள்ள பேரா? படத்துலயா, எய்யா?" என்றார்கள் அம்மா.

"ஆமா ஆச்சி."

எழும்பூர் ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது டீச்சர் ஜன்னல் வழியாக, "மேனேஜர், நீங்க தென்காசி வந்தா வீட்டுக்கு வராமப் போகக் கூடாது" என்றார்கள். நான் கேட்க நினைத்த ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் வீட்டிலும் மாதா கோயிலிலும் என்ன சொல்வார்களோ தெரியாது. இருந்தாலும் கேட்டுவிடலாம் என்றிருந்தேன். படம் வெளிவரட்டும், கையில் ஒரு வெற்றியோடு போய்க் கேட்போம் என்று தள்ளிவைத்தேன். வண்டி நகர்ந்தது.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு கட்சிக்கும் கடும் போட்டி. பெயர்கள் வேண்டாம். டீச்சர் ஒரு கட்சி மேடையில், தென்காசியில், பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டார்கள். ஊரே அதைப் பேசியது. வேலையை விட வேண்டியிருந்தால் விட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்களாம்.

எங்கள் படத்தைத் தெற்கு ஜில்லாக்களுக்கு வாங்கியிருந்த விநியோகஸ்தர் எதிர்த் தரப்பில் பெரிய ஆள். ஒருநாள் என் அறைக்கு வந்து, காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, நீரு படம் எடுக்கீரா, கட்சி வளக்கீரா?"

"என்ன அண்ணாச்சி?"

"அந்த டீச்சர் பேரு முழு கார்டுல வருதாம்லா. நம்ம தியேட்டர்காரங்க எல்லாம் யோசிக்காங்க. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. ஒரு வாரம் இருக்கு. யோசிச்சுச் சொல்லும்."

ஒரு வாரம். வெள்ளம் இல்லை, சத்தம் இல்லை, யாரும் என்னை ஏசவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யோசித்தேன். இந்தப் படத்தை நம்பி எத்தனை பேர் என்று எண்ணினேன். நாலு நொடி ஓடும் எழுத்து, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். டீச்சரே பெயருக்கு ஆசைப்படுகிறவர் இல்லையே என்று அவர் சார்பில் நானே பேசிக்கொண்டேன். நாலு பேரிடம் யோசனை கேட்டேன். நாலு பேரும் எடுத்துவிடு என்றார்கள். எடுத்துவிடு என்று சொல்லக்கூடியவர்களாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறேன் என்பது பிற்பாடு புரிந்தது. கேமராமேனிடம் கேட்கவில்லை. டைரக்டரிடம் கேட்கவில்லை. பாவூர்சத்திரத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். அதற்கும் நேரம் இருந்தது.

ஏழாம் நாள் எடிட்டரிடம் போய், அந்தக் கார்டை எடுத்துவிடச் சொன்னேன். ஆறடி பிலிம். அவர் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சார், நிச்சயமா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வெட்டுங்க" என்றேன்.

தென்காசியில் படம் வெளியான அன்று நான் ஊரில் இருந்திருக்க வேண்டும். மதுரையில் வேலை இருப்பதாகச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டேன். டீச்சர் அம்மாவையும், வகுப்புப் பிள்ளைகள் ஒரு வரிசை நிறையவும் கூட்டிக்கொண்டு முதல் காட்சிக்கு வந்ததாகத் தியேட்டர் மேனேஜர் பிறகு சொன்னார்.

"ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலியே. படம் முடியுத வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போனாவ."

'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அதற்கும் இல்லை. அப்படித் தொடங்கும் கடிதத்துக்கு என்ன பதில் எழுத முடியும்?

படம் நன்றாக ஓடியது. மதராஸில் அது ஓடிய ஒரு தியேட்டருக்குப் பல சாயங்காலம் போயிருக்கிறேன். உள்ளே போக மாட்டேன். உள்ளே வேறொரு பெண்ணின் முகம் இருக்கும். வெளியே கதவோரம் நின்றால் குரல் மட்டும் வரும். 'இப்படி மனசு நோவப் பேசினா நான் எங்க போவேன்?' என்ற இடம் வரும்வரை நிற்பேன். வாக்கியம் முடியும் இடத்தில் அது தணியும். பிறகு பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன். வாசல் காவலாளி முதலில் என்னை ஏதோ கணக்குப் பார்க்க வந்த ஆள் என்று நினைத்தார். பிறகு ஒன்றும் கேட்பதில்லை, ஸ்டூலை நகர்த்திப் போடுவார்.

குற்றாலத்து டேப்பாவது என்னிடம் இருந்திருக்க வேண்டும். அதன் பெட்டியில் நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. யாரோ அதை வெற்று டேப் என்று நினைத்து, அதன் மேலேயே ஒரு கட்சித் தலைவரின் பேச்சைப் பதிவு செய்துவிட்டார்கள்.

ஆமாம், கட்சி. அந்த விநியோகஸ்தர் என்னை விடவில்லை. "உம்மகிட்ட மெஷின் இருக்கு, மூளையும் இருக்கு. அடுத்த தேர்தலுக்கு நம்மளோட வாரும்" என்றார். நானும் போனேன். கார்டை வெட்டியதை நியாயப்படுத்திக்கொள்ள, அந்தப் பக்கத்து ஆளாகவே ஆகிவிடுவது வசதியாக இருந்தது. அறுபதுகளில் தலைவரின் பேச்சை டேப்பில் எடுத்து, வேனில் ஒலிபெருக்கி கட்டி, அவர் வர முடியாத ஊர்களில் எல்லாம் ஓடவிடும் வேலையை நான்தான் எங்கள் பகுதியில் தொடங்கினேன். ஒரே நாளில் இருபது ஊரில் ஒரே பேச்சு. பெரிய விஞ்ஞானி மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் ஒருநாள் வீரகேரளம்புதூர் போனேன். பிற்பகல் நேரம். கடைவீதியின் ஒரு முனையில் வேனை நிறுத்தி டேப்பை ஓடவிட்டோம். நல்ல கூட்டம். தலைவர் கணீரென்று விவசாயிகளுக்குத் தண்ணீர் தருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி வேனுக்கு முன்னால் வந்து நின்று, ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"எங்க கொளத்துக்கு எப்பய்யா தண்ணி விடுவிய?"

ஒலிபெருக்கி தன்பாட்டுக்குப் பேசியது. "ஏ, கேக்கேன்லா?" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அந்த மனிதர் திரும்பித் தெருவின் மறுமுனைக்கு நடந்தார். அங்கே ஒரு அரிசி ஆலைக்கு முன்னால் பெஞ்சு போட்டு, அதன் மேல் நின்று ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் அவர் நின்ற விதத்தில் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. விவசாயி அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அவர் பெஞ்சிலிருந்து இறங்கி வந்து பேசினார். எங்கள் கூட்டம் இரண்டும் மூன்றுமாக அங்கே நகரத் தொடங்கியது.

எங்களோடு வந்த உள்ளூர்க் கட்சிக்காரர் பதறிவிட்டார். "என்னவே பாத்துக்கிட்டு நிக்கீரு? சத்தத்தக் கூட்டும்! அந்தம்மா பேசுதது ஒருத்தனுக்கும் கேக்கக் கூடாது!"

நான் மெஷினிடம் போனேன். சத்தத்தைக் கூட்டும் திருகைத் தொட்டேன். அதை அப்படியே மறுபக்கம் திருகி நிறுத்திவிட்டேன்.

தெருவே சட்டென்று அமைதியாயிற்று. அந்த அமைதியில், இத்தனை தூரத்திலிருந்து, அந்தக் குரல் வந்தது.

"எனக்கு அது தெரியாதுய்யா. தெரியாததச் சொல்ல மாட்டேன். ஆபீசுல கேட்டுட்டு வார வெள்ளிக்கெழம இங்கனயே வந்து சொல்லுதேன்."

கட்சிக்காரர் என்னென்னவோ கத்தினார். நான் நடந்து போய் அந்தக் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். பேச்சு முடியும்வரை நின்றேன். என் அரசியல் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். என்னைப் பார்த்துவிட்டு ஒரு நொடி நின்றார்கள்.

"வாங்க மேனேஜர். எளச்சுப் போய்ட்டிய."

"நல்லா இருக்கியளா டீச்சர்?"

"இருக்கேன். கல்யாணம் ஆயிட்டு. வீட்டுக்காரர் சுரண்டையில வாத்தியார்."

சந்தோஷம் என்று சொன்னேன். சொல்ல வந்ததையெல்லாம் மறந்துவிட்டு, வேகமாக ஒன்றைச் சொன்னேன்: "படம் மறுபடியும் வரப்போகுது டீச்சர். புதுப் பிரிண்ட் போடுதோம். உங்க கார்டப் போட்டுருதேன். இப்ப என்னைய யாரும் தடுக்க முடியாது."

"அப்பவும் யாரு தடுத்தா?" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டீச்சர் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "அம்மை போயிட்டா. தெரியுமா?"

"தெரியாது டீச்சர்."

"போன ஐப்பசியில. அன்னைக்கு அம்மையையும் படத்துக்குக் கூட்டிட்டுப் போனேம்லா. சந்த முழுக்கச் சொல்லி வச்சிருந்தா, எம்மவ பேரு வருதுன்னு. எழுத்து ஓட ஆரம்பிச்சதும் எங்கையப் பிடிச்சுக்கிட்டா. ஒவ்வொண்ணுக்கும் 'இதாட்டி? இதாட்டி?'ன்னு கேக்கா. அவளுக்கு வாசிக்கத் தெரியாதுல்லா. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், வரல. கடைசி எழுத்தும் வந்துட்டு. இனிமே படந்தான்னு தெரிஞ்சுட்டு. 'இதாம்மா'ன்னு காட்டிட்டேன்."

எங்கள் படத்தில் கடைசிக் கார்டு 'தயாரிப்பு'. டைரக்டரின் பெயருக்கும் பிறகு என் பெயர் வர வேண்டும் என்று நான் கேட்டுப் போட்டுக்கொண்டது.

"அம்மை எந்திச்சு நின்னுட்டா, மேனேஜர். பின்னால இருந்தவன் ஏசுதான், உக்கார மாட்டேங்கா. சாவுத வரைக்கும் எல்லார்ட்டயும் சொல்லுவா, எம்மவ பேரு எல்லாத்துக்கும் கடைசியில, பெருசா, நடுவுல, தனியா வந்துச்சுன்னு."

தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. டீச்சர் குடையை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"இப்ப நீங்க எம்பேர வேற எங்கயாவது போட்டா, நான் அம்மைட்ட சொன்னது பொய்யாயிரும். போடாதீங்க. விட்டுருங்க."

"டீச்சர், என்னைய மன்னிச்..."

"விட்டுருங்க மேனேஜர்" என்றார்கள். வாக்கியம் முடியும் இடத்தில் குரல் தணிந்தது. பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் அவர்களைப் பார்க்கவில்லை.

பிறகு எத்தனையோ படம் எடுத்தேன். ஒலிப்பதிவுக்கூடம் ஒன்று கட்டினேன். மெஷின்கள் மாறி மாறி வந்தன, என்னிடம் இருந்த அந்தப் பழைய டேப் ரிக்கார்டர் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. என் படங்களில் குரல் கொடுத்த ஒருவர் பெயரும் விட்டுப்போனதில்லை. விநியோகஸ்தர்கள் கேலி செய்திருக்கிறார்கள். அது பரிகாரம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒருவருக்குச் செய்யாததை இன்னொருவருக்குச் செய்து ஈடுகட்ட முடியாது. ஆனாலும் செய்ய வேண்டும்.

போன மாதம் உங்களில் ஒருவர் வந்து, அந்தப் பழைய படத்தின் பிரதி ஒன்று கிடைத்திருப்பதாகச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்களாம். கீறல்களை எடுத்துவிட்டார்களாம். "டைட்டில்ல எதையாவது மாத்தணும், சேக்கணும்னா சொல்லுங்க சார், இப்ப எல்லாம் முடியும்" என்றார். நல்ல பிள்ளை. அவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சத்தத்தைச் சுத்தம் செய்யும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். அந்தக் குரலின் அடியில் இருக்கும் கனத்தை இரைச்சல் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். டைட்டிலில் கை வைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

எல்லாப் பெயரும் ஓடி முடிந்த பிறகு, கடைசியில், பெரிதாக, நடுவில், தனியாக ஒரு பெயர் வரும். எழுத்துக் கூட்டினால் என் பெயராக இருக்கும். நீங்கள் எழுத்துக் கூட்டாதீர்கள். அது ரோஸ்லின் டீச்சரின் பெயர்.